லேடீஸ் கேலரி

போன வாரம் காலை நடை முடிந்து பூங்காவில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது பேச்சு ஸ்டேடியத்தைப் பற்றி வந்தது. பழையதை இடித்துவிட்டு, சுற்றிலும் கூரை போட்டு, ஆளுக்கொரு நாற்காலி வைத்து, பெரிய திரையெல்லாம் மாட்டிக் கட்டப்போகிறார்களாம் என்று ஒருவர் செல்போனில் படம் காட்டினார். உடனே உங்களில் பாதிப்பேர் பெருமூச்சு விட்டீர்கள். "இனி மேட்ச் பாக்கற சுகமே போச்சுங்க" என்றார் நம் ரிட்டயர்டு வாத்தியார். நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஏன் சிரித்தேன் என்று இப்போது சொல்கிறேன். நீங்கள் இடிக்கக்கூடாது என்கிற அந்த ஸ்டேடியம் புத்தம் புதிதாக, சுண்ணாம்பு வாசம் போகாமல் நின்றபோது, என் அப்பா அதைப் பார்த்து அச்சு அசல் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்.

எங்களுடையது மில் லைன் வீடு. அப்பாவுக்குப் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை. அம்மாவுக்கு ரீலிங்கில், நூலைச் சுற்றிக் கட்டாக்கிச் சிட்டம் போடுகிற வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். மில் டீமுக்கு அவர் கோல்கீப்பர். அதனால்தான் மில்லில் அவருக்கு வேலையே கொடுத்திருந்தார்கள். ஆனால் டெம்பரவரி. நன்றாக விளையாடினால் பெர்மனென்ட் ஆக்குவோம் என்று வாய் வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மில்லின் மைதானம். மைதானம் என்றதும் புல்லை நினைக்காதீர்கள். செம்மண். கோல்கம்பங்கள் சவுக்கு. கோட்டுக்கு ஒரு முழம் தள்ளித் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஊரே நிற்கும். பின்னால் நிற்பவர்கள் கழிவுப்பஞ்சு மூட்டைகளை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். ஓரமாக ஓடி வருகிறவனின் வேர்வை நம்மேல் தெறிக்கும். பந்து வார் கட்டிய தோல் பந்து. மழை நாளில் பூசணிக்காய் கனம் கனக்கும். தலையால் முட்டினவன் நெற்றியில் அந்த வார் முடிச்சு அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும். அந்தப் பந்து இப்போது எங்கேயும் கிடைக்காது. மாமா கையில் மாட்டிக்கொண்ட கம்பளிக் கையுறையும் கிடைக்காது. அதன் உள்ளங்கையில் சைக்கிள் ட்யூபை வெட்டித் தைத்துக் கொடுத்தது அம்மா.

மாமாவின் கோலுக்குப் பின்னால் ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும். ஆட்டம் முழுக்க அவரோடு பேசிக்கொண்டே இருப்பார்கள். "மாப்ள, எடது பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கறான் பாரு." "ஏனுங்க, மூக்கு உறிஞ்சாம பந்தப் பாருங்க." மாமா திரும்பாமலே பதில் சொல்வார். பந்து அந்தப் பாதியில் இருக்கும்போது யாராவது நீட்டுகிற மாங்காய்ப் பத்தையை வாங்கிக் கடிப்பார்.

பெண்கள் வரமாட்டார்கள். வரக்கூடாது என்று யாரும் எழுதிப் போடவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லாதபடி அது அப்படி இருந்தது. நான் சின்னப்பிள்ளை என்பதால் அப்பா தோளில் உட்கார்ந்து போனேன். அம்மா வீட்டில் இருப்பாள். ஆட்டுக்கல்லில் மாவு அரைத்துக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கச் சத்தத்தைக் கேட்பாள். நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே ஆட்டம் எப்படிப் போனது என்று அவளே சொல்லிவிடுவாள்.

"மொதப் பாதியில ஒண்ணு கம்பத்துல பட்டு வெளிய போச்சாட்டம் இருக்குது. என்ற தம்பி கடைசியா ஒண்ணு நல்லாப் புடிச்சான். சரிங்களா?"

அப்பா ஆச்சரியப்படுவதைக்கூட நிறுத்திவிட்டார். சத்தம் ஏறி அறுந்தால் வெளியே போனது, ஏறி உடைந்தால் கோல், ஏறி ஒரு நொடி நின்று பிறகு வெடித்தால் தம்பி பிடித்துவிட்டான். இப்படித்தான் அவள் ஆட்டம் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு மேட்சையும் அவள் விட்டதில்லை. ஒன்றையும் கண்ணால் கண்டதுமில்லை.

அந்த வருஷம் ஊருக்குள் புது ஸ்டேடியம் திறந்தார்கள். பெரிய போட்டிகள் எல்லாம் இனி அங்கேதான் என்றார்கள். எங்கள் மைதானத்தில் மில் லாரிகள் நிறுத்தத் தொடங்கிவிட்டன.

முதல் மேட்சுக்கு அப்பா வெள்ளை வேட்டி கட்டி, என் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கல்யாணத்துக்குக் கூட்டிப்போவதுபோல் கூட்டிப்போனார். காந்திபுரத்தில் இறங்கி ஆட்களோடு ஆளாக நடந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரி இருந்தது. கலர் கலராக டிக்கெட். ஒவ்வொரு கலருக்கும் ஒரு கேட். மில்லில் ஒரே கயிற்றைப் பிடித்து நின்ற மேஸ்திரி ஒரு வழியாகப் போனார், அப்பா வேறு வழியாகப் போனார். அப்பாவின் கூட்டாளிகள் எங்கே சிதறினார்கள் என்றே தெரியவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் எழுந்துவிட்டேன். வெயிலில் காய்ந்த சிமெண்ட் தோசைக்கல்லாகச் சுட்டது. அப்பா தோள் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். எதிரே பச்சைப் புல். அவ்வளவு பச்சையை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைச் சுற்றி ஓட்டப்பந்தயப் பாதை. அதற்கும் வெளியே கம்பி வேலி. அதற்கப்புறம்தான் நாங்கள். மாமாவைத் தேடினேன். தீப்பெட்டி உயரத்தில் ஒருவர் கோலுக்கு முன்னால் தனியாக நின்றார். அவருக்குப் பின்னால் வெறும் மண். காலி கேலரி.

ஆட்டம் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவர் "அடிறா!" என்று கத்தினார். அந்தச் சத்தம் பாதி வழியில் கரைந்துபோனது. கத்திய அவருக்கே கூச்சமாகி உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு பெரிய இடத்தில் யாரோ வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மாமா மூன்று கோல் விட்டார். மூன்றாவதில் பந்து அவர் காலுக்கடியில் உருண்டு போனது. அப்போதும் ஸ்டேடியம் திட்டக்கூட இல்லை.

"இது என்ன சினிமாக் கொட்டாயா, உக்காந்து பாக்கறதுக்கு? மேட்ச் பாக்கற சுகமே போச்சு. இனி நான் வரமாட்டேன் போ" என்று பஸ்ஸில் அப்பா என்னிடம் சொன்னார். எனக்குத் தூக்கம் வந்திருந்தது. ஆனாலும் அது நினைவிருக்கிறது.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள், "என்ன ஆச்சுங்க?" என்று கேட்டாள்.

அடுத்தடுத்த மேட்சுகளில் எங்கள் முன்வரிசை ஆட்கள் நிறைய கோல் போட்டார்கள். மாமா நிறைய விட்டார். எப்படியோ ஒட்டி ஒட்டி டீம் ஃபைனல் வரை வந்துவிட்டது. அதற்குள் மாமாவுக்கு என்ன கோளாறு என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். கண் மங்கிவிட்டது. அவ்வளவுதான். அப்பா தினமும் முருங்கைக்கீரை கொண்டுவந்து போட்டார். கீரைப் பொரியல், கீரைக் குழம்பு, கீரை அடை என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து தின்றோம். கண் டாக்டர், கண்ணில் ஒன்றுமில்லை, நெஞ்சு எக்ஸ்ரே வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள் என்றார். டீம் மேனேஜர், பையன் சோம்பேறியாகிவிட்டான் என்றார். யாரும் மாமாவைக் கேட்கவில்லை. இன்றைக்கு யோசித்தால் அதுதான் எனக்கு அதிசயமாக இருக்கிறது.

ஒரு சாயங்காலம் சோறு போடும்போது அம்மா கேட்டாள்.

"ஏன் கண்ணு, அங்க உனக்கு என்னதான் ஆகுது?"

மாமா தட்டிலிருந்த கீரையை ஓரமாக ஒதுக்கினார். "முதுகுக்குப் பின்னால ஆளே இல்லீங்கக்கா. கெணத்துக்குள்ள நிக்கறாப்பல இருக்குது. பந்து வாரது தெரியுது. கைதான் எந்திரிக்க மாட்டேங்குது." பிறகு சொன்னார், "ஃபைனல்ல மறுக்காவும் இப்படியே போச்சுன்னா வேற கீப்பரப் பாத்துக்கறோம்னு மேனேஜர் சொல்லிப்போட்டாருங்க. அப்புறம் மில்லுலயும் வேலை இல்லீங்க."

அம்மா அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அதே வாரம் மைக் கட்டிய கார் ஒன்று லைன் வீட்டுத் தெருவில் வந்தது. ஃபைனல் பற்றிய அறிவிப்பு. கடைசியில், "தாய்மார்களுக்குத் தனி கேலரி, அனுமதி இலவசம்" என்று கத்திக்கொண்டு போனது. குடும்பம் குடும்பமாக வந்தால் கலாட்டா இருக்காது என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒதுக்கிய இடம் வடக்குக் கோலுக்கு நேர் பின்னால். மேலே தண்ணீர்த் தொட்டி இருந்ததால், அதைத் தாங்குவதற்காக அந்தத் துண்டு கேலரிக்கு மட்டும் தாழ்வான கான்கிரீட் கூரையும் தடித்தடியான தூண்களும் இருந்தன. தூண் மறைக்கிறது, ஆட்டம் பக்கவாட்டில் தெரியாது என்று ஆண்கள் அங்கே டிக்கெட் வாங்குவதே இல்லை. வீணாகக் கிடக்கிற மூலையைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"நான் போறனுங்க" என்றாள் அம்மா.

அப்பா பீடியைக் கீழே போட்டார். "எங்க?"

"மேட்சுக்குங்க."

"பொம்பளைங்க போற எடமா அது? ஆம்பளைங்களுக்கே அங்க ஒண்ணும் தெரியறதில்ல. நானே போகப்போறதில்லன்னு சொல்லிட்டு இருக்கறேன்."

"நீங்க போகாட்டிப் பரவால்லீங்க. என்ற தம்பிக்குப் பின்னால ஆரும் இல்லையாமா. நான் போயி இருந்துட்டு வாரேன்."

அப்பா இன்னொரு பீடியைப் பற்றவைத்தார். முகம் நன்றாக இல்லை.

அம்மா தனியாகக் கிளம்பவில்லை. ரீலிங்கில் தன்னோடு வேலை பார்த்தவர்கள், பக்கத்து வீட்டு அக்கா, தண்ணீர்க் குழாயடியில் பார்த்தவர்கள் என்று எல்லோரையும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைன் வீட்டுத் தெருவிலிருந்து ஒரு ஊர்வலமே போனது. தலை நிறையக் கனகாம்பரம். கூடையில் தட்டுவடை, அவித்த கடலைக்காய், தண்ணீர்ப் போசி. பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். டவுன்பஸ் கண்டக்டர், "ஏனுங்க அம்மிணிகளா, எந்தக் கோயில்ல விசேஷமுங்க?" என்று கேட்டார். "ஸ்டேடியத்துலீங்க" என்றாள் அம்மா.

கூரைக்கடியில் நிழலாக இருந்தது. சிமெண்ட் குளிர்ந்து கிடந்தது. ஆண்கள் கேலரிகளில் எல்லோரும் செய்தித்தாளைத் தலையில் கவிழ்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் அம்மா திணறிப்போனாள். எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பந்து ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் தூண். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மேட்சுக்கு வந்து தூங்குகிற அம்மா யாருக்கு உண்டு?

"சத்தமே வரலியே கண்ணு" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இத்தன பேர் உக்காந்துட்டு எல்லாரும் என்ன பண்றாங்க?"

எதிர்த்து ஆடியது பாலக்காட்டிலிருந்து வந்த டீம். முதல் பாதியில் மாமா அந்தக் கோடியில் நின்றார். அங்கே ஒரு கோல் விழுந்தது. மாமா கையே தூக்கவில்லை. இடைவேளையில் எங்கள் பக்கம் யாருக்கும் கடலைக்காய் இறங்கவில்லை.

இரண்டாவது பாதிக்கு டீம்கள் பக்கம் மாறின. மாமா தலையைக் குனிந்தபடி எங்களை நோக்கி நடந்து வந்தார். வேலிக்கும் ஓட்டப்பாதைக்கும் அப்பால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாலக்காட்டுக்காரன் ஒருவன் பந்தோடு வேகமாக வந்தான். அம்மா எழுந்தாள்.

மில்லுக்குள் மெஷின் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசிப் பழகிய தொண்டை அது. வீட்டில் அதை அவள் வெளியே எடுத்ததேயில்லை.

"உடாத கண்ணூ!"

தாழ்ந்த கூரை அந்தச் சத்தத்தை வாங்கி அப்படியே மைதானத்துக்குள் எறிந்தது. நாங்களே பயந்துவிட்டோம். கைக்குழந்தை வீறிட்டது. மாமா அக்காவின் குரல் கேட்டு சட்டென்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவன் அடித்துவிட்டான். பந்து கம்பத்தில் இடித்துத் தெறித்தது.

"அய்யோ, என்னப் பாக்காத! பந்தப் பாரு!" என்று அம்மா இன்னும் பலமாகக் கத்தினாள். பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவின் தோளும் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கையுறையை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டார். முழங்காலை மடக்கிக் குனிந்து நின்றார். எங்கள் பழைய மைதானத்தில் அவர் நிற்பது அப்படித்தான்.

அடுத்த பந்து வந்தபோது எழுந்து நின்றது அம்மா மட்டுமில்லை. ரீலிங் மொத்தமும் எழுந்தது. "உடாத கண்ணு!" மாமா பாய்ந்து பிடித்தார். அதற்கடுத்தது விரல் நுனியில் தட்டி மேலே போனது. "உடாத கண்ணு!" ஒவ்வொரு தடவையும் கூரை அதை இரண்டு மடங்காக்கித் திருப்பி அனுப்பியது. இதற்கிடையில் எங்கள் ஆட்கள் அந்தக் கோடியில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டார்கள்.

சட்டையில் ரோஜாப்பூ மாதிரி பேட்ஜ் குத்தியிருந்த வாலண்டியர் ஒருவர் ஓடிவந்தார். "ஏனுங்க அம்மா, இப்படிச் சத்தம் போடக்கூடாதுங்க. இது லேடீஸ் கேலரிங்க."

"லேடீஸுன்னா வாய் இல்லீங்களா?" என்றாள் அம்மா. "நீங்களும் உக்காருங்க. கடலக்கா சாப்புடறீங்களா?"

அவர் உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் எங்களுக்குப் பக்கத்து ஆண்கள் கேலரியில் நாலைந்து பேர் விளையாட்டாகச் சேர்ந்து கத்தினார்கள். பிறகு அந்தக் கேலரி முழுவதும். பிறகு அதற்கடுத்தது. முறுக்கு மீசை வைத்த தறிக்காரர்கள், லாரி டிரைவர்கள், டை கட்டிய மில் ஆபீசர்கள் எல்லோரும் எழுந்து, ஆறடி உயரத்தில் கட்டை மீசையோடு நின்ற என் மாமாவை "கண்ணு" என்று கூப்பிட்டார்கள். "உடாத கண்ணு! உடாத கண்ணு!" சத்தம் ஸ்டேடியத்தைச் சுற்றி வந்தது. அந்தச் சிமெண்ட் கிண்ணம் எதற்காக அப்படி வட்டமாகக் கட்டப்பட்டது என்று அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது. மில் மைதானத்தில் கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் எவ்வளவு கத்தினாலும் அந்தச் சத்தம் வந்திருக்காது. பாலக்காட்டு ஆட்டக்காரர்கள்கூட நின்று ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். கார்னரிலிருந்து பந்து உயரமாக வந்தது. கோலுக்கு முன்னால் ஒரே தலைகள். மாமா அத்தனை தலைக்கும் மேலே எழும்பி இரண்டு கையாலும் அதைப் பறித்தார். கீழே இறங்கின கையோடு ஓடி ஓர் எறி எறிந்தார். நடுக்கோட்டில் எங்கள் ஆள் தனியாக நின்றிருந்தான். அவன் ஓடினான். தூரத்தில் வலை ஆடியதை நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை. கண்ணை மூடி நின்றிருந்தாள். சத்தம் ஏறியது, உடைந்தது.

"கோலு" என்றாள். கண்ணைத் திறந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

விசில் ஊதியதும் எல்லோரும் கோல் போட்டவனைத் தூக்க ஓடினார்கள். மாமா மட்டும் எங்கள் பக்கம் திரும்பி, ஓட்டப்பாதையைத் தாண்டி வேலி வரை வந்தார். கம்பி வழியாகக் கையுறையை நீட்டினார். அம்மா இறங்கிப்போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.  அம்மாவால் பேச முடியவில்லை. குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது.

வெளியே வந்தபோது கேட் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். வேட்டியெல்லாம் சிமெண்ட் தூசி. எங்கோ மேல் கேலரியில் முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். அவருக்கும் குரல் கட்டியிருந்தது. "அது நீதானா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையாட்டினாள். "மொத சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை வழியெல்லாம் ஆட்கள் அம்மாவுக்கு வழிவிட்டு நின்றார்கள். மாமாவுக்கு அந்த மாதமே வேலை பெர்மனென்ட் ஆனது. முருங்கைக்கீரையும் நின்றது.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டேடியம் கமிட்டிக்காரர் ஒருவர் டீம் மேனேஜரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். லேடீஸ் கேலரியை மெயின் மேடைக்குப் பக்கத்தில் மாற்றப்போகிறோம், நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு என்று பெருமையாகச் சொன்னார்.

"வேண்டாமுங்க" என்றாள் அம்மா. "அங்க உக்காந்தா என்ற தம்பிக்குக் கேக்காதுங்க. நாற்காலியப் பெரிய மனுசங்களுக்கே போட்டுருங்க. அந்த மூலைய மட்டும் வேற ஆருக்கும் குடுத்துப்போடாதீங்க."

அடுத்த போட்டிக்குப் போனபோது பெண்கள் வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை நின்றது. எங்களை வரிசையில் விட்டுவிட்டுத் தன் கேலரிக்குக் கிளம்பின அப்பா, பாதி தூரம் போனவர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பனங்கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்து அம்மா கையில் வைத்தார்.

"தொண்டைக்கு வெச்சுக்க அம்மிணி. மொதப் பாதியிலயே எல்லாத்தையும் கத்தித் தீத்துப்போடாத. மாப்ள உங்க பக்கம் வாரது ரெண்டாவது பாதியில."